முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: நெக்கைப் பார்த்து வாங்குவதா, பிக்கப்பைப் பார்த்து வாங்குவதா?

2024 பெப்ரவரி 10 – பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, கொஞ்ச வருஷமாக அக்கூஸ்டிக் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், திருவிழாக் காலத்தில் எங்கள் தோட்டத்து இசைக்குழுவில். இப்போதுதான் ஓர் எலெக்ட்ரிக் வாங்கக் காசு சேர்ந்து வருகிறது. கண்டியில் ஒருவரிடம் பாவித்த ஸ்கொயர் கிளாசிக் வைப் ஸ்ட்ராட் இருக்கிறது, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில் வகை. கிட்டத்தட்ட அதே விலைக்கு இன்னொருவரிடம் எபிஃபோன் லெஸ் போல், பிக்கப் இரண்டும் ஹம்பக்கர் வகை. ஸ்ட்ராட் கைக்கு நன்றாக இருந்தது. ஆனால் சத்தம் பிக்கப்பில்தானே வருகிறது, பிக்கப்பைப் பார்த்து லெஸ் போலை எடு என்று கூட வாசிக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

பெப்ரவரி 10, இரவு

நான் வேறு மாதிரி சொல்கிறேன் தம்பி. முதலில் நெக்கை, அதாவது இடது கை பிடிக்கிற கழுத்தைப் பாருங்கள்.

பிக்கப் நாலைந்து ஸ்க்ரூவிலும் இரண்டு மூன்று ஈயப் பற்றிலும் உட்கார்ந்திருக்கிற சாமான். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறு போடலாம். நெக் ஒத்துவராவிட்டால் அந்தக் கிட்டார் அலமாரிக்கு மேலே போய்விடும். நல்ல பிக்கப் போட்ட கிட்டார்கள் உறையைவிட்டு வெளியே வராமல் தூசி பிடித்துக் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வாசிச்சா கை வலிக்குது" என்பார்கள்.

உங்கள் கைக்கு ஸ்ட்ராட் பிடித்திருக்கிறது என்றால் அது பெரிய விஷயம். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இங்கே கரண்ட் விட்டு விட்டு வருகிறது.

பெப்ரவரி 11

காலையில் உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். "கைக்கு நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நெக்கினாலா, செட்டப்பினாலா (கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்து வைத்த விதத்தினாலா)? இதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். கடையில் ஐந்து நிமிஷம் வாசித்துவிட்டு "இந்த நெக் சூப்பர்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கம்பியின் உயரத்தைத்தான் சொல்கிறார்கள். கம்பி உயரத்தை ஒரு சின்ன ஆலன் சாவியால் மாற்றிவிடலாம். நெக்கின் பருமனை மாற்ற முடியாது.

பார்க்கிற முறை இது. தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) இடது கையால் அழுத்துங்கள். அதே கம்பியை நெக்கும் உடம்பும் சேருகிற இடத்து ஃப்ரெட்டில் வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பி நேர்கோடு மாதிரி நிற்கும். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கண்ணை வைத்து, ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிப்பு, அதாவது கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் சரி. கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக் கிடந்தால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேலே இடைவெளி என்றால் முன்னால் வளைந்திருக்கிறது. இரண்டையும் நெக்குக்குள்ளே ஓடுகிற உலோகக் கம்பியான ட்ரஸ் ராட் கொண்டு சரிசெய்யலாம். ஆனால் விற்கிறவரிடம் சாவி வாங்கி, ராட் திரும்புகிறதா என்று அவர் கையாலேயே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்து ஈரத்தில் ராட்டின் தலை துருப்பிடித்து இறுகிப்போன கிட்டார்கள் உண்டு.

அடுத்தது 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியின் உயரம். 1.6 முதல் 2 மில்லிமீட்டர் என்றால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மூன்று மில்லிமீட்டர் நின்றால் எந்த நெக்கும் மோசமாகத்தான் தெரியும்.

மூன்றாவதாக, நெக்கின் தலைப் பக்கத்தில் கம்பிகள் உட்காருகிற வெட்டுள்ள துண்டு, அதாவது நட். எஃப் கார்ட் பிடிக்கும்போது மட்டும் கை கடுக்கிறது, மேலே ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே வடிவம் சுலபமாக வருகிறது என்றால் நட்டின் வெட்டு உயரமாக இருக்கிறது. நெக்கின் மேல் பழி போடாதீர்கள். அரம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்.

இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நெக்: அகலம், பருமன், முதுகின் வடிவம், ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவு, கம்பியின் நீளம், மேலே பூசியிருக்கிற பூச்சு.

பெப்ரவரி 11, மாலை

தலவாக்கலையிலிருந்து ஒருவர் அளவுகளைக் கேட்டிருக்கிறார். ஸ்ட்ராட்டில் நட்டிலிருந்து, உடம்பில் கம்பிகள் உட்காருகிற பிரிட்ஜ் வரைக்கும் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். லெஸ் போலில் 24.75 அங்குலம், 629 மில்லிமீட்டர். கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஒரே தடிப்புக் கம்பியை ஒரே சுருதிக்குக் கட்டினால் லெஸ் போலில் ஏறக்குறைய 6 சதவீதம் இளக்கமாக இருக்கும். அதனால்தான் ஸ்ட்ராட்டில் 9ஆம் தடிப்புக் கம்பி போடுகிறவர்கள் லெஸ் போலில் 10 போட்டாலும் கைக்கு ஒரே மாதிரித் தெரிகிறது.

நட் அகலம் ஸ்கொயரில் 42, எபிஃபோனில் 43 மில்லிமீட்டர். நைலோன் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் 52. அங்கிருந்து வருகிறவர்களுக்கு இரண்டுமே நெரிசலாகத்தான் இருக்கும், பழக வேண்டும்.

ஃப்ரெட்போர்டின் வளைவு ஸ்கொயரில் 9.5 அங்குலம், எபிஃபோனில் 12. இது வளைவின் ஆரம், எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். ஸ்ட்ராட்டை முதலில் செய்த ஃபெண்டர் கம்பனியின் பழைய காலத்துக் கிட்டார்களில் 7.25. அதில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பார் கார்ட் பிடிப்பது சுகம், ஆனால் கம்பியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் பண்ணினால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றினால்) சத்தம் அடைத்துக்கொள்ளும். 9.5க்கு வந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பெப்ரவரி 14

சரி, பிக்கப்புக்கு வருவோம். நெக் முதலில் என்று சொன்னேன், அதை மாற்றவில்லை. ஆனால் நம் திருவிழா மேடைகளை நினைத்தால் பிக்கப்பை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடவும் மனம் வரவில்லை.

சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே ஒரு கம்பிச் சுருள். கிட்டார்க் கம்பி அதிர்வதைப் பிடிக்கிற அதே சுருள் சுற்றிலும் ஓடுகிற கரண்டின் காந்தப் புலத்தையும் பிடிக்கிறது. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அந்த 50உம் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். ஒன்றின் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக இருப்பதால் கம்பியின் அதிர்வு இரண்டிலும் கூடி வரும், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். லெஸ் போலை முதலில் செய்த கிப்சன் கம்பனியில் வேலை செய்த சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1957இல் லெஸ் போலில் ஏறியது. ஹம்பக்கரை முதலில் செய்தது சத்தத்தைத் தடிப்பாக்க அல்ல, இந்த உறுமலை அடக்கத்தான். தடிப்பு கூடவே வந்தது.

இப்போது தோட்டத்துத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர், நூற்றுக்கணக்கில் சீரியல் லைட், டிம்மர் போட்ட மேடை விளக்கு, மிக்ஸருக்குப் பக்கத்திலேயே பெரிய டிரான்ஸ்ஃபோமர். அங்கே மூன்று சிங்கிள் காயிலோடு ஆம்பின் கெயினை (சத்தத்தைப் பெருக்கிக் கரகரப்பாக்குகிற குமிழை) ஏற்றினால் பாட்டுக்கு நடுவில் வருகிற ஒவ்வோர் இடைவெளியிலும் உறுமல் முன்னால் வந்து நிற்கும். சர்ச்சில் சுத்தமான சத்தத்தில் வாசிக்க சிங்கிள் காயில் அருமை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், பைலா தாளத்துக்கு வெட்டி வெட்டி அடிக்க அதைவிட நல்லது இல்லை.

ஸ்ட்ராட்டில் ஒரு வழி இருக்கிறது. ஐந்து நிலைச் சுவிட்சில் இரண்டாவதும் நான்காவதும் இரண்டு பிக்கப்பைச் சேர்க்கிற நிலைகள். நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றாக இருந்தால் அந்த இரண்டு நிலையிலும் உறுமல் அடங்கும். வாங்கப் போகும்போது ஆம்பைப் போட்டு இதைச் சோதியுங்கள்.

இரண்டு வேலைக்கும் ஒரே கிட்டார் என்றால் எச்எஸ்எஸ் என்கிற அமைப்பு நடுவழி: பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள். யமஹா பசிஃபிக்கா 112வி அப்படித்தான். அல்னிகோ காந்தம், டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். அதையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். நட் 41 மில்லிமீட்டர், வளைவு 13.75 அங்குலம், ஒடுக்கமும் தட்டையுமாக இருக்கும். உங்கள் கைக்குப் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 18

கண்டியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஸ்ட்ராட் நெக் நாலு போல்ட்டில்தானே நிற்கிறது, அதையும் கழற்றி மாற்றலாமே, ஏன் முடியாது என்கிறீர்கள்?"

மாற்றலாம். அடிப்பாகம் 56 மில்லிமீட்டர் அகலமுள்ள எந்த ஃபெண்டர் வகை நெக்கும் ஏறக்குறைய பொருந்தும். ஆனால் எங்கிருந்து வாங்குவது? அட்டனில் நெக் தனியாக விற்கிற கடையைக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கூலியும் வரியும் சேர்ந்து பாதிக் கிட்டார் விலை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் போன பிறகு இந்தக் கணக்கு இன்னும் மோசம். பிக்கப் சின்னச் சாமான், ஊருக்கு வருகிற யாராவது பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். நெக்கை அப்படிக் கேட்க முடியுமா? லெஸ் போல் என்றால் பேச்சே இல்லை, ஒட்டிய நெக்.

மார்ச் 3

கை பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "சின்னக் கைக்கு மெல்லிய நெக்" என்று ஒரே பாட்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் பக்கம் ஒரு பையன் தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குப் போகிறவன். பகல் முழுக்கக் கத்தி பிடித்த கை, சாயந்திரம் விரல் முழுதாக மடங்கவே நேரம் எடுக்கும். ஐபனெஸ் கிட்டார் ஒன்று வைத்திருந்தான். விஸார்ட் நெக், முதல் ஃப்ரெட்டில் 19 மில்லிமீட்டர்தான் பருமன். வேகமாக வாசிக்கிறவர்கள் விரும்பித் தேடுகிற நெக் அது. அவனோ ஒரு பாட்டு முடிவதற்குள் கையை உதறுவான். கட்டைவிரலின் அடிச் சதை கல் மாதிரி இறுகியிருக்கும், தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நெக் மெல்லியதாக இருந்தால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இடம் குறைவு. உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லாமல் கட்டைவிரல் கிடுக்கி மாதிரி அழுத்த வேண்டி வருகிறது. நெக்கின் முதுகில் கட்டைவிரலை நிறுத்தி, உள்ளங்கையை விலக்கி வைத்து வாசிக்கப் பயிற்சி உள்ளவர்களுக்கு அது சரி. அவன் நெக்கைக் கை நிறைய அணைத்துப் பிடிக்கிறவன். என்னிடமிருந்த பழைய டெலிகாஸ்டர் மாதிரிக் கிட்டாரைக் கொடுத்தேன், முதல் ஃப்ரெட்டில் 22க்குக் கொஞ்சம் மேலே, நல்ல உருண்டை. கல்யாண வீட்டில் இரவு முழுக்க வாசித்துவிட்டு வந்தான்.

சின்னக் கைக்கு உண்மையில் தொல்லை தருவது பருமனைவிட நீளம். முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் விரலை அகட்ட வேண்டிய தூரம் கம்பியின் நீளத்தைப் பொறுத்தது. அப்படிப்பட்டவர்களுக்கு லெஸ் போலின் 24.75 அங்குலம் கை கொடுக்கும். இல்லை, பார்த்த ஸ்ட்ராட்தான் வேண்டும் என்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கபோ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போட்டுப் பழகிவிட்டு மெதுவாகக் கீழே வரட்டும்.

மார்ச் 4

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பெரிய கை உள்ளவர், ஆறாவது கம்பியைக் கட்டைவிரலை மேலே போட்டு அழுத்தினார், அதனால் அவரை உதாரணம் காட்டக்கூடாது என்று ஒருவர். நான் காட்டவில்லை. ஆனால் கட்டைவிரலை மேலே போட்டு வாசிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம், அக்கூஸ்டிக்கில் தானாகப் பழகியது. அவர்கள் பலகை வளைவு கூடின (அதாவது ஆர எண் குறைந்த), முதுகு உருண்ட நெக்கைத் தேடினால் நல்லது. கேள்வி கேட்ட தம்பி எப்படிப் பிடிக்கிறார் என்று இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 10

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: கட்டைவிரல் மேலேதான். அப்படியென்றால் ஸ்ட்ராட் பிடித்ததற்குக் காரணம் புரிகிறது.

லெஸ் போலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பொகவந்தலாவை பஸ். கிப்சன் வகைக் கிட்டாரின் தலை பின்னால் சாய்ந்திருக்கும், கிப்சனில் 17 பாகை. மஹோகனிக் கட்டையில் அந்தச் சாய்வு இழையைக் குறுக்காக வெட்டுகிறது. ட்ரஸ் ராட்டின் தலைக்கு வேறு அங்கேயே குடைந்திருக்கிறார்கள். உறையோடு மல்லாந்து விழுந்தாலே கழுத்து முறியலாம். ஸ்ட்ராட்டின் தலை சாயாமல் ஒரே கட்டையில் நேராகப் போகிறது. வளைவுக்கு வளைவு ஆள் சாய்கிற பஸ்ஸில், துணி உறையில் கிட்டாரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு இது சின்ன விஷயமா? லெஸ் போல் எடுப்பவர்கள் கட்டாயம் கெட்டிப் பெட்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிட்டாரே நாலு கிலோ வரும், பெட்டியோடு படியேறுவதையும் நினையுங்கள்.

மார்ச் 25

திருவிழாவில் வாசித்துவிட்டு வந்து எழுதுகிறேன். இந்த முறை வேண்டுமென்றே சிங்கிள் காயில் கிட்டாரையும் எடுத்துப்போனேன்.

மேடையில் ஒரு சின்னச் சோதனை, எல்லாரும் செய்து பார்க்கலாம். வொல்யூமைத் திறந்து, கம்பியைத் தொடாமல், நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் கூடும், அதிலிருந்து கால் வட்டம் திரும்பினால் சட்டென்று அடங்கும். நான் மிக்ஸருக்கு முதுகைக் காட்டி நின்றபோது ஏறியது, சாமி இருந்த பக்கம் திரும்பியதும் பாதிக்கு மேலே குறைந்துபோனது. அப்படித் திசைக்குத் திசை மாறுகிற சத்தம் காந்தப் புலத்திலிருந்து வருவது, ஹம்பக்கர் போட்டால் தீரும்.

இன்னொரு வகை இருக்கிறது. "ஸ்ஸ்ர்" என்று கூர்மையாக வரும், கம்பியில் கையை வைத்ததும் குறைந்துவிடும். அது மின்புலத்திலிருந்து வருவது. உள்ளே பிக்கப் குழிக்குச் செப்புத் தாள் ஒட்டி எர்த் கொடுத்தால் குறையும். ஹம்பக்கர் மட்டும் போட்டால் முழுதாகப் போகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பிக்கப்பை மாற்றிவிட்டு, காசு வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. கம்பியைத் தொட்டதும் சத்தம் கூடுகிறது என்றால் பிரிட்ஜிலிருந்து போகிற எர்த் வயர் அறுந்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று, விளையாட்டில்லை. கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். தோட்டத்துப் பழைய லயன் வீடுகளின் காம்பராக்களில் எர்த் இல்லாத பிளக் பொயிண்டுகள் இன்னும் இருக்கின்றன. உறுமலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுகிற பழக்கமும் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிற லைனிலிருந்து மட்டும் கரண்ட் எடுங்கள். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே பொயிண்டில் போடச் சொல்லி சவுண்ட்காரரிடம் கேளுங்கள், எர்த் இருக்கிற பொயிண்டாக.

மே 30

மழை தொடங்கிவிட்டது. இப்போதுதான் நெக் பூச்சைப் பற்றி எழுத நல்ல நேரம்.

பெப்ரவரியில் இந்தப் பேச்சு தொடங்கியபோது எங்கள் டிம்புல பக்கம் காய்ந்த வெயில். அன்றைக்குப் பளபளப்பான நெக் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்றைக்கு அதே நெக்கில் கை ஒட்டுகிறது. ஏழாவது ஃப்ரெட்டுக்குத் தாவினால் பெருவிரலின் பக்கத் தோல் பிடித்து இழுத்து ஐந்திலேயே நிற்கிறது. பொலியூரித்தேன் பளபளப்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சாது, வியர்வையும் மூடுபனியும் சேர்ந்து கைக்கும் அதற்கும் நடுவில் படலமாக நிற்கும். மங்கலான சாட்டின் பூச்சில் இது குறைவு.

நான் கிட்டார் வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்வது: முடிந்தால் மழைநாளில் போய் வாசித்துப் பாருங்கள். பெப்ரவரியில் கண்டியில் பிடித்த நெக் ஜூன் மாதம் பொகவந்தலாவையில் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

பளபளப்பு நெக் பிடிக்காமல் போனால் விற்க வேண்டாம். மிக மெல்லிய பிளாஸ்டிக் உரசு பஞ்சால் (பாத்திரம் கழுவுகிற பச்சைப் பஞ்சு போதும்) நெக்கின் முதுகை நீளவாக்கில் மட்டும் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு மங்கி வழுக்கும். பூச்சைத் துளைத்துக் கட்டையைத் திறந்துவிடக் கூடாது, மேப்பிள் ஈரத்தைக் குடிக்கும். இரும்புப் பஞ்சு போடுகிறவர்கள் பிக்கப்பை டேப் ஒட்டி மூடுங்கள், தூள் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுக்க முடியாது.

மழை மாதங்களில் ட்ரஸ் ராட்டை மறுபடி பார்க்கவும். எந்தப் பக்கம் வளையும் என்பது கட்டைக்குக் கட்டை மாறும், அந்த விசிட்டிங் கார்ட் சோதனைதான் சொல்லும். கிட்டார் செய்கிறவர்கள் சொல்கிற ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள். நம் பக்கம் மழைக்காலத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, வாசித்த பிறகு கம்பியைத் துணியால் துடைத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஜூன் 16

"மலிவுக் கிட்டாரின் பிக்கப் மண், மாற்றியே ஆக வேண்டும்" என்று எழுதியவருக்கு. மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பிக்கப்பின் இரண்டு பக்கமும் உயரத்தை மாற்றுகிற ஸ்க்ரூ இருக்கிறது. கடையில் தொங்குகிற ஸ்ட்ராட்டுகளில் பிக்கப் பெரும்பாலும் கம்பிக்கு மிகக் கிட்டே நிற்கும். காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஆடும், சத்தமும் அடைத்தது போல இருக்கும். முக்கால் சுற்று, ஒரு சுற்று கீழே இறக்கிவிட்டுக் கேளுங்கள். ஹம்பக்கர் மந்தமாக இருந்தால் தடிப்புக் கம்பிப் பக்கத்தை மட்டும் இறக்குங்கள்.

அல்னிகோவா செராமிக்கா என்ற சண்டையில் நான் இல்லை. செராமிக் போட்ட ஸ்கொயர் அஃபினிட்டியை நன்றாகச் செட் செய்து வாசித்தால் சர்ச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் சிங்கிள் காயிலைக் கழற்றிவிட்டு முழு ஹம்பக்கர் போடுகிறவர்கள் வொல்யூம் பொட்டையும் (குமிழுக்கு உள்ளே இருக்கிற மின்தடையையும்) பாருங்கள். சிங்கிளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 போடுவது வழக்கம். 250இலேயே விட்டால் மேல் ஸ்தாயி மங்கும், பழி பிக்கப்பின் மேல் விழும்.

ஜூலை 21

பண்டாரவளையிலிருந்து ஓர் அக்கா: நெக்கின் ஓரம் திடீரென்று கையை அறுக்கிறது, வாங்கும்போது அப்படி இல்லை.

அக்கா, உங்கள் பக்கம் இப்போது ஊவாக் காற்று. எங்களுக்கு மழை, உங்களுக்கு வறட்சி. ஃப்ரெட்போர்ட் கட்டை காய்ந்து சுருங்குகிறது, ஃப்ரெட் உலோகம் சுருங்குவதில்லை, அதனால் முனைகள் வெளியே துருத்துகின்றன. ரோஸ்வுட் அல்லது லாரல் பலகை என்றால் கொஞ்சம் லெமன் ஒயில் தடவி, ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். பூச்சுப் போட்ட மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம். அப்படியும் அறுத்தால் மெல்லிய அரத்தால் முனையை மட்டும் உருட்ட வேண்டும். இதை நெக் சரியில்லை என்று நினைத்துக் கிட்டாரை விற்றுவிடாதீர்கள்.

ஓகஸ்ட் 18

தம்பி வாங்கிவிட்டார். பெப்ரவரியில் பார்த்தது கைமாறிவிட்டது, காசு சேரத் தாமதம். அதே கிளாசிக் வைப்பில் 60கள் மாதிரி, லாரல் பலகை, மூன்றும் சிங்கிள் காயில். பசிஃபிக்காவையும் வாசித்துப் பார்த்தாராம், சத்தம் பிடித்தது, நெக் தட்டையாக இருந்ததால் கட்டைவிரல் ஏறவில்லை. எபிஃபோனும் நெக் பிடித்தது, பஸ்ஸை நினைத்து விட்டுவிட்டார். மழையில் போய்த்தான் வாசித்தார் என்று எழுதியிருப்பதைப் படித்துச் சந்தோஷம்.

அடுத்த திருவிழாவுக்குள் உறுமலுக்கு வழி கேட்கிறார். வழி இருக்கிறது. சிங்கிள் காயில் அளவிலேயே இரண்டு சுருளை உள்ளே வைத்த பிக்கப்புகள் வருகின்றன, பக்கத்துக்குப் பக்கம் ரெயில் மாதிரி உலோகப் பட்டை வைத்தது ஒரு வகை, ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கியது இன்னொரு வகை. மரத்தைக் குடைய வேண்டாம். பிரிட்ஜுக்கு மட்டும் ஒன்று போதும். ரெயில் வகை தடிப்பாகச் சத்தம் தரும், இருக்கிற 250 பொட்டிலேயே போடலாம், கூர்மை கொஞ்சம் தணிவது நல்லதுதான். அடுக்கு வகை சிங்கிள் காயிலின் சத்தத்துக்குக் கிட்டே நிற்கும். திருவிழாவில் கெயின் ஏற்றி லீட் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ரெயிலை எடுங்கள்.

நாலு வயரும் ஒரு வெறும் எர்த்தும் வெளியே வருகிற பிக்கப்பாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு சுவிட்சின் இரண்டாவது நிலையில், நடுப் பிக்கப்போடு சேர்த்துக் கேட்கும்போது சத்தம் மெலிந்து தகர டப்பா போல வந்தால் இரண்டும் எதிர்த் திசையில் இருக்கின்றன. புதிய பிக்கப்பின் சிக்னல் போகிற (ஹாட்) வயரையும் எர்த்துக்குப் போகிற வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள், வெறும் எர்த் வயரைத் தொட வேண்டாம். அந்த நிலையில் நடுச் சிங்கிள் காயிலின் உறுமல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மேடையில் தனிப் பிரிட்ஜிலோ, நெக்கும் நடுவும் சேர்ந்த நான்காவது நிலையிலோ நில்லுங்கள்.

ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயர்னை அட்டனில் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளலாம். கழற்றிய பழைய பிக்கப்பை உறையில் போட்டு எழுதி வையுங்கள். பின்னால் கிட்டாரை விற்கிற நாள் வந்தால் வாங்குகிறவர் அதைக் கட்டாயம் கேட்பார்.